முருங்கைக் கிளையில் தொங்கிய டப்பா

தை 10, செவ்வாய்

இன்று டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் ஜெபசீலி. என் மகள் உலகம்மை. அவள் புருஷன் குற்றாலிங்கம். என் மகன் காசிராஜன். உலகுவின் மகள் நிவேதா, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு. என் நாத்தனார் வேலம்மாள், யாரும் கூப்பிடாமல். கடைசியாக நான், ஆவுடையம்மாள். நாற்காலி மூன்றுதான் இருந்தது. வேலம்மாள் முதல் ஆளாக ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள். நோயாளி உலகு நின்றாள்.

பெயர்களை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது. எழுதினால்தான் நினைவிருக்கும் என்கிற ஆள் இல்லை நான். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்று எங்கள் வாசலில் நின்று "பொட்டப்பிள்ளைக்கு இது போதும்" என்று சொன்னவர்கள் யார் யார், யார் என்ன நிறத்தில் துண்டு போட்டிருந்தார்கள் என்பது வரை இப்போதும் சொல்வேன். இந்த நோட்டு நர்ஸ் கொடுத்தது. "தினம் காய்ச்சல், சாப்பாடு, வாந்தி, மூணையும் எழுதிட்டு வாங்க பாட்டி" என்றாள். அவள் முதல் வரிக்குக் கீழே பார்க்க மாட்டாள். மிச்சப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

காய்ச்சல் இல்லை. சாப்பாடு ஒன்றரை இட்லி. வாந்தி ஒரு தடவை.

நடந்தது இது. போன வைகாசியில் உலகுக்கு மார்பில் கட்டி. இங்கே தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே மருந்துத் தண்ணீர் ஊற்றி, திருநெல்வேலியில் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லிக் குற்றாலிங்கம் கையில் கொடுத்துவிட்டார்கள். புற்று என்று வந்தது. கூடவே "மூன்றும் இல்லை" என்றும் வந்தது. எந்த மூன்று என்று அன்றைக்கு எனக்கு ஒருத்தரும் விளக்கவில்லை. அதை நம்பித்தான் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, நகம் கறுத்தது, நாக்கு வெந்தது. நோய் மட்டும் போகவில்லை. இப்போது ஈரலுக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இந்த டாக்டரம்மா ஈரலில் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்ததில், அந்த மூன்றில் ஒன்று ஏராளமாக இருக்கிறதாம்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "முதல்ல வெட்டின சதையை யாரு லேப்புக்குக் கொண்டுபோனது? அன்னைக்கே குடுத்தீங்களா?"

குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார். "மறுநாள் மத்தியானம் டாக்டர்."

"அதுவரைக்கும் எங்க இருந்துச்சு?"

"வீட்டுக்கு வெளிய. முருங்கை மரத்துல பையோட தொங்கப் போட்டிருந்தோம். மச்சினனுக்குக் கல்யாணம், பந்தக்கால் நாட்டியிருந்தாவ. அந்த நேரத்துல உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு..."

டாக்டர் எழுதிக்கொண்டார். காசிராஜன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கால் நாட்டிய வீட்டுக்குள் வெட்டின சதையைக் கொண்டுவர எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? காசிராஜனுக்குப் பெண் அமையாமல் எத்தனை கோயில் ஏறி இறங்கினேன் என்பது எனக்குத் தெரியும். குற்றாலிங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் ஏறியிருந்தால் டப்பா இந்தத் தெருவுக்கே வந்திருக்காது. இதை நான் மறக்க மாட்டேன்.

தை 11, புதன்

காய்ச்சல் இல்லை. சாப்பாடு அரைக் கிண்ணம் கஞ்சி. வாந்தி இல்லை.

காலையில் காப்பி கொடுக்கும்போது, "நீங்க நேரா பஸ்ஸ பிடிச்சிருக்கலாம்லா மாப்பிள்ளை" என்றேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அத்தை, நீங்கதான போன் போட்டு, வாழைத்தார் இன்னும் வந்து சேரல, வண்டிய எடுத்துட்டு ஓடியான்னிய?" என்றார்.

வாழைத்தார் வர வேண்டியதுதானே. கல்யாண வீட்டில் வாழை இல்லாமல் பந்தலா? மருமகன் என்றால் மாமியார் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, எது முக்கியமோ அதைப் பார்க்க வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆளுக்கு எந்த லோடு முந்தி என்று தெரியாதா?

கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று நின்ற இடம் இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு மறுவாரமே பட்டுப்போனது. வேலம்மாள்தான் அன்றைக்கு அதைப் பார்த்து, "என்னமா தளதளன்னு வந்திருக்கு" என்றாள். அவள் கண்.

தை 15, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. சாப்பாடு இரண்டு தோசை. வாந்தி இல்லை. நல்ல நாள்தான்.

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். உலகு அங்கன்வாடி டீச்சர். எதையும் தனக்கு விளங்காமல் விட மாட்டாள். "என் உடம்புல என்ன நடக்குன்னு எனக்குத் தெரியணும் டாக்டர்" என்றாள். அந்த டாக்டரம்மா நல்லவர். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் உட்கார்ந்து சொன்னார்.

"செல்லுக்குத் தோல் உண்டு. கல்லுச் சுவர் மாதிரி இல்ல, எண்ணெய்ப் படலம். ரசத்து மேல மிதக்குற எண்ணெய் மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தப் படலத்துல புரதங்க சொருகி நிக்கும். பாதி வெளிய, பாதி உள்ள."

"மோர்க்குழம்புல வெண்டைக்காய் நிக்கிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"அப்படியே வச்சுக்கோங்க பாட்டி. வெளிய இருக்கிற பாதி காது. 'வளரு'ன்னு ரத்தத்துல சேதி வந்து அதைத் தொட்டா, பக்கத்துல நிக்கிற இன்னொண்ணோட ஜோடி சேரும். சேர்ந்த உடனே உள்ள இருக்கிற பாதி முழிச்சுக்கும். அது ஒருத்தர்ட்ட சொல்ல, அவர் இன்னொருத்தர்ட்ட சொல்ல, கடைசியில செல் ரெண்டாகும். காயம் ஆறணும்னா, பிள்ளை வளரணும்னா இது வேணும்."

"ஏற்பி" என்றாள் நிவேதா. பன்னிரண்டாம் வகுப்புக்காரி. "எங்க புக்ல அதுக்கு ஏற்பின்னு பேரு ஆச்சி."

"சேதி சொன்ன பிறகு அது நிக்கணும்ல? அதுக்கும் ஆளு வச்சிருக்கு உடம்பு" என்றார் டாக்டர். "அதே தோல்ல வேற புரதங்க காவல் இருக்கும். ஜோடியைப் பிரிச்சு விடும். போதும்னு அடங்க வைக்கும். வேலை முடிஞ்ச காதை செல் உள்ள இழுத்துக் கரைச்சிரும். கேக்குறது மட்டும் ஆரோக்கியம் இல்ல. கேட்டு முடிச்சதும் அமைதியாகணும், அதுவும் சேர்ந்ததுதான் ஆரோக்கியம்."

"அப்ப எனக்கு?" என்றாள் உலகு.

"அந்த மூணுல உங்களுக்கு இருக்கிற ஏற்பி ஒரு தினுசு. இதைக் கூப்பிட யாரும் வர வேண்டாம். எப்பவும் கையை நீட்டிக்கிட்டே நிக்கும். கொஞ்சமா இருந்தாத் தொந்தரவில்ல. உங்க கட்டியில கும்பல் கும்பலா நிக்குது. கும்பலா நின்னா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, வளரு வளருன்னு ஓயாம கத்தும். காவல்காரங்களால அடக்க முடியாது. உள்ள இழுத்தாலும் கரையாது, மறுபடி மேல வந்து நிக்கும்."

உலகு சிரித்துவிட்டாள். "எங்கம்மையேதான் டாக்டர். யாரும் கூப்பிட வேண்டாம், தானா எந்திரிச்சு நிப்பா. உள்ள போன்னாலும் போக மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலிங்கம்கூட. அதிக நேரம் சிரித்தவள் வேலம்மாள். நேற்றும் வந்திருந்தாள். மொட்டைத் தலையோடு என் மகள் சிரித்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன். இல்லாவிட்டால் வேலம்மாளுக்குப் பதில் வைத்திருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "கறுப்புதான், ஆனா வேலை செய்யும் போலத் தெரியுது" என்று மாட்டைச் சொல்வதுபோல் சொன்ன வாய் அது.

பிறகு டாக்டர் சொன்னதையும் எழுத வேண்டும். அந்த ஏற்பி இருந்தால் அதன்மேல் போய் உட்கார்ந்து அமர்த்துகிற ஊசி இருக்கிறதாம். இருக்கிறதா என்று சாயம் போட்டுத்தான் கண்டுபிடிப்பார்களாம். "வெட்டின உடனே சதை அந்த மருந்துத் தண்ணியில கிடக்கணும். அதுதான் உள்ளதை உள்ளபடி நிறுத்திவைக்கும். இல்லைன்னா வெயில்ல சதை தன்னைத்தானே தின்ன ஆரம்பிச்சிரும். புரதம் சிதைஞ்சா சாயம் ஒட்டாது. இருக்கிறதை இல்லைன்னு காட்டிரும். அந்த டப்பாவுல மருந்துத் தண்ணி இருந்துச்சுல்ல?"

"ஆஸ்பத்திரியிலயே ஊத்தித்தான் டாக்டர் குடுத்தாவ. தெறக்காதீங்கன்னும் சொன்னாவ" என்றார் குற்றாலிங்கம்.

நிவேதாவைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினேன்.

தை 18, புதன்

இன்று அந்த ஊசி. பாட்டிலில் தண்ணீர் போலத்தான் இருந்தது. உலகு, "எம்மா, இது போய் அதுங்க காதைப் பொத்துமாம்" என்றாள். பொத்தட்டும்.

காய்ச்சல் சாயங்காலம் கொஞ்சம். குளிர் நடுக்கம். சாப்பாடு ரசம் சாதம். வாந்தி இல்லை.

மாசி 2, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. சாப்பாடு எழுத மனசில்லை. வாந்தி இல்லை.

டாக்டர் அந்தப் பழைய லேப்பில் முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிவிட்டார். அங்கே சதையை வாங்கிய ஆள் அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறான்: டப்பாவில் மருந்துத் தண்ணீர் இல்லை, மஞ்சளாக ஏதோ தண்ணீர், உப்பு படிந்திருக்கிறது, சதை கெட்ட நிலை, இந்த முடிவை நம்பாமல் திரும்ப எடுத்துப் பார்க்கவும். இத்தனையும் ரிப்போர்ட்டின் இரண்டாம் தாளில், அடியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது; அந்தத் தாள் எங்கள் கைக்கு வரவே இல்லை. அதைப் படித்திருக்க வேண்டியவர் முதலில் மருந்து ஏற்றிய டாக்டர். படிக்கவில்லை. அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. இடது புருவத்தில் தழும்பு.

"டப்பாவைத் திறந்து யாராவது ஏதாவது போட்டீங்களா? திட்டுறதுக்குக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் டாக்டர் ஜெபசீலி.

அறையில் நாங்கள் நான்கு பேர். உலகு, குற்றாலிங்கம், நிவேதா, நான். நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நாந்தான் டாக்டர்" என்றாள் உலகு. "ஒழுகிச்சு. நாத்தம் தாங்கல. கெடாம இருக்கட்டும்னு உப்பும் மஞ்சளும் கலந்து ஊத்தினேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

பச்சைப் பொய். அன்றைக்கு அவள் தையல் வலியோடு உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். எழுந்து ஒன்றுக்குப் போகக்கூட நான்தான் தாங்கிப் பிடித்தேன். கொல்லைக்கு எப்படிப் போயிருப்பாள்? இதை நான் டாக்டரிடம் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் குற்றாலிங்கம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு சொல் சொல்லாத மனுஷன். "படிச்சவதானட்டி நீ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உலகு தலையைக் குனிந்துகொண்டாள். நிவேதா அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

பஸ்ஸில் உலகு என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கடையநல்லூர் வரைக்கும் போகிற பஸ், ஒரே கூட்டம். தென்காசி வரைக்கும் நான் அவளைப் பார்க்கவில்லை.

மாசி 9, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. சாப்பாடு சோறு, அயிலைக் குழம்பு, இரண்டு துண்டு மீன். தானே கேட்டு வாங்கித் தின்றாள். வாந்தி இல்லை.

ஊசி கேட்கிறது. வயிற்று வீக்கம் வடிந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு பாதியாக இறங்கிவிட்டதாம். தலையில் பூனைமயிர் மாதிரி முளைத்திருக்கிறது. வடக்கன்குளத்துப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டேன்.

மாசி 12, வெள்ளி

வேலம்மாள் ஒரு காதுகுத்து வீட்டில் போய், "அவளே அவ தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டா. பாடம் சொல்லிக் குடுக்கிறவ, சதையப் போய் உப்புல ஊறவச்சிருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன இடம் பந்தி. எதிரில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பதினோரு பேர், பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். "என் மகளைப் பேச நீங்க யாரு மைனி?" என்றேன்.

"ஊரே பேசுது ஆவுடை. நான் பேசினாத்தான் ஒனக்குக் குத்துதா? செஞ்சது அவதான? அவளே ஒத்துக்கிட்டாள்லா?"

நான் செருப்பைக்கூட மாட்டாமல் திரும்பி வந்தேன். ரோடு சுட்டது.

காய்ச்சல் இல்லை. மற்றது சரி.

மாசி 20, சனி

காய்ச்சல் இல்லை. சாப்பாடு நன்றாக. வாந்தி இல்லை.

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது நிவேதா வந்து அம்மிக்குப் பக்கத்தில் நின்றாள். பரீட்சை நேரம், கையில் புத்தகம்.

"ஆச்சி, உப்புக்கண்டத்துக்கு மஞ்சள் எதுக்குப் போடுதோம்?"

"கறி கெடாம இருக்கத்தான். வெயில்ல காயுற வரைக்கும் பூச்சி அண்டாது."

"யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மை. கை பக்குவம்ட்டி அது. ஒரு படி உப்புக்கு இவ்வளவு மஞ்சள்னு கண்ணே சொல்லும். எங்க வீட்டு உப்புக்கண்டம் ஆடி வந்தாலும் புழு வைக்காது."

என் கையைப் பார்த்தாள். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"போய்ப் படி" என்றேன்.

பங்குனி 3, வெள்ளி

காய்ச்சல் இல்லை. சாப்பாடு குறைவு. மூச்சு வாங்குகிறது. இது நர்ஸ் சொன்ன மூன்றிலும் சேராது, ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். உலகு கொல்லை வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அந்த மரத்துக் கீரைதான்.

"எதுக்குட்டி டாக்டர்ட்ட அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். கேட்க இத்தனை நாள் ஆயிற்று.

அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அன்னைக்கு ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தாம்மா கிடந்தேன். மூடி ஒழுகி, பை நனைஞ்சு, நாத்தம் சமையல் பந்தல் வரைக்கும் வந்துச்சு. வேலம்மா அத்தை மூக்கப் பொத்திக்கிட்டு ஓடினாவ. நீ மட்டும்தான் பைய எறக்கினே. மூடியத் தெறந்து அந்தத் தண்ணிய கறிவேப்பிலைக் கன்னு மூட்டுல கொட்டினே. கண்ணு எரிஞ்சு முந்தானையால தொடச்சே. பொறவு உள்ள போய் உப்பும் மஞ்சளும் கொண்டாந்து, கலந்து ஊத்தி, கைய விட்டுக் கிண்டினே. கைய விட்டும்மா. ஒனக்கு அருவருப்பே இல்ல. சின்னப்பிள்ளையில எனக்குப் புண்ணு கழுவுவியே, அதே மாதிரி இருந்துச்சு. 'எம்மா, அதைத் தெறக்கக் கூடாது'ன்னு சத்தம் போட நினைச்சேன். மயக்க மருந்து விடல, வாய் வரல. முழிச்சப்போ டப்பா போயிருச்சு. தப்பு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நானும் விட்டுட்டேன்."

கீரையில் பழுத்ததைத் தனியே எடுத்துப் போட்டேன்.

"அதுக்கு? நான் கேட்டது அது இல்ல. எதுக்குச் சொன்னேன்னு கேட்டேன்."

"எனக்குப் பொறவு நிவேதாவுக்குச் சோறு பொங்க யாரு இருக்கா?" என்றாள். "அவ ஒன் கையில திங்கணும். ஒன் மூஞ்சியப் பாக்குந்தோறும் அவளுக்கு அது நெனைப்பு வரக் கூடாது. அவ ஒன் பேத்திம்மா. ஒன்னை மாதிரியே மறக்க மாட்டா."

"பொறவு என்னட்டி பொறவு? ஊசி கேக்குதுன்னு டாக்டர் சொல்லுதாவ."

"சத்தியம் பண்ணு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு."

என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். புதுசாய் முளைத்த முடி கையில் குறுகுறுத்தது. நான் சத்தியம் பண்ணினேனா இல்லையா என்பது இந்த நோட்டுக்கு வேண்டாத விஷயம். பொழுதுக்கும் வாய் ஓயாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்டாள்.

கீரை பொரியல் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

பங்குனி 16, வியாழன்

காய்ச்சல் உண்டு. சாப்பாடு கஞ்சித் தண்ணீர். வாந்தி இரண்டு தடவை. கால் வீக்கம்.

இருதயத்தைப் படம் எடுத்தார்கள். அடிக்கிற பலம் குறைந்துவிட்டதாம். அந்த ஏற்பி இருதயத்திலும் கொஞ்சம் உண்டாம். அங்கே அது நல்ல வேலை செய்கிறதாம், இருதயத்தைத் தாங்கிப் பிடிக்கிறதாம். ஊசிக்கு நல்லது கெட்டது தெரியாது, எங்கே கண்டாலும் காதைப் பொத்திவிடும். முந்தி மாதக்கணக்கில் ஏற்றிய மருந்தும் இருதயத்தை ஏற்கெனவே நைத்துவைத்திருக்கிறது. இருதயம் தேறுகிற வரைக்கும் ஊசியை நிறுத்த வேண்டும்.

"நிறுத்தினா ஈரல்ல இருக்கிறது சும்மா இருக்குமா டாக்டர்?" என்று குற்றாலிங்கம் கேட்டார்.

டாக்டர் ஜெபசீலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மருந்தெல்லாம் அவ்வளவு ஏத்தாம, முதல்லயே இந்த ஊசியைக் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், உலகுவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உலகு, "என் தப்புதான டாக்டர், விடுங்க" என்றாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்து இந்தப் பக்கக் கடைவாய் வலிக்கிறது.

சித்திரை 9, சனி

காய்ச்சல் உண்டு. சாப்பாடு கிளிமூக்கு மாங்காய் ஒரு கீற்று, உப்பு மிளகாய்த்தூள் தொட்டு. நக்கிவிட்டு வைத்துவிட்டாள். கண் மஞ்சளாக இருக்கிறது.

ஊசி இல்லாத இந்த நாட்களில் வயிறு மறுபடி வீங்கிவிட்டது. நிவேதா அம்மாவிடம் பேசுவதே இல்லை. தண்ணீர் கொடுக்கிறாள், மருந்து கொடுக்கிறாள், கால் பிடித்துவிடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. இன்று உலகு அவளிடம், "எம்மேல கோவமாட்டி?" என்று கேட்டாள்.

"கையில ஒரு டப்பாவக் குடுத்து தெறக்காதீங்கன்னு சொன்னா, தெறக்காம இருக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள் அந்தப் பெண். பதினேழு வயசு. அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க செத்துப் போனா நான் என்ன செய்ய?"

உலகு அவள் தலையைத் தடவினாள். "திட்டு, திட்டிரு. எல்லாத்தையும் இப்பமே திட்டிரு. உள்ள வச்சிராத" என்றாள்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உலகு அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் அடுக்களைக்குப் போனேன். பால் பொங்கிக் கிடந்தது.

சித்திரை 21, வியாழன்

காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. சாப்பாடு இல்லை.

வைகாசி 6, சனி

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. வந்திருந்தவர்கள்: குற்றாலிங்கம். காசிராஜன், அவன் பெண்டாட்டி. நிவேதா. வேலம்மாள், இன்று கூப்பிட்டுத்தான் வந்தாள். டாக்டர் ஜெபசீலி, பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, சாப்பிடாமல், படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், "உங்க மகள்ட்ட நான் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது பாட்டி" என்றார். நல்ல மனுஷி. வாசல் வரை கூடவே போனேன். வாசல் வந்துவிட்டது, அவரும் போய்விட்டார்.

போன வருஷம் இதே வாரத்தில்தான் இந்த வீட்டில் கால் நாட்டினோம்.

காப்பி குடிக்கும்போது வேலம்மாள் பெருமூச்சு விட்டாள். "என்ன இருந்தாலும் அவளாத் தேடிக்கிட்டது. விதின்னு மட்டும் சொல்லிர முடியாது."

எல்லோரும் இருந்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். என் நாக்கில் அது நின்றது. உலகு தலையில் வைத்த கை தன்னாலே மடங்கியது.

"காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க மைனி" என்றேன்.

பாத்திரம் கழுவும்போது நிவேதா வந்து பக்கத்தில் குந்தினாள். கழுவின தட்டை ஒவ்வொன்றாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆச்சி."

"என்ன?"

"அம்மாவுக்கு உப்புக்கண்டம் போடத் தெரியாதே. மீன்லகூட உப்பு சரியா போட மாட்டாவளே. அவியளுக்கு அது எப்படித் தெரிஞ்சிச்சு?"

குழாயை மூடினேன். அவள் கண் உலகு கண் இல்லை, என் கண். இமைக்காமல் பார்க்கும். என்ன சொன்னாலும் சாகிற வரைக்கும் வைத்திருக்கும்.

"தெரியும்ட்டி" என்றேன். "நான் சொல்லிக் குடுத்திருந்தேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சாயங்காலம் சோறு போட்டேன். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தின்றாள்.

நோட்டில் கடைசிப் பக்கம் இது. இனி எழுதக் காய்ச்சலும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஒரு வேலையை மட்டும் முடித்துவிடுகிறேன். வாசலில் நின்று என் படிப்பை நிறுத்தியவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், போகட்டும். என்னை மாடு என்று சொன்ன வேலம்மாளும் போகட்டும். பந்தியில் இருந்த பதினோரு பேரும் போகட்டும். வாழைத்தார் ஏற்றிவந்த குற்றாலிங்கத்தின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. சின்ன எழுத்தைப் படிக்காத அந்தப் புருவத் தழும்புக்காரரையும் விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் இவர்களையெல்லாம் சுமந்ததற்கு, இறக்கிவைப்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஒருத்தி மட்டும் பாக்கி. எனக்கு வர வேண்டிய ஏச்சை எனக்குக் கொடுக்காமல் தானே வாங்கிக்கொண்டவள். புருஷன் வாயால் கேட்டாள், பெற்ற பிள்ளை வாயால் கேட்டாள், நான் பக்கத்தில் நிற்க நிற்கக் கேட்டாள். என் வாயைக் கட்டிவிட்டு, அவிழ்க்க ஆள் இல்லாமல் போனாள். அவளை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

என் மகள் உலகம்மை.